கிட்டார் கடைக்குப் போகிறீர்களா? முதலில் கடையைப் பாருங்கள், பிறகு கிட்டாரைப் பாருங்கள்

என் முதல் கிட்டாரை வாங்கியபோது எனக்குப் பதினேழு வயது. கடைக்காரர் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தார். நிறம் பிடித்திருந்தது, விலையும் கைக்கு அடங்கியது, வாங்கிவிட்டேன். எட்டு மாதம் போராடினேன். எஃப் கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் ஒரு சுரக்கூட்டு, ஒருநாள்கூடச் சுத்தமாக ஒலிக்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. "உனக்கு விரல் குட்டைடா" என்று நண்பன் ஒருவன் சொன்னான். அதை நம்பி கிட்டாரைப் பரணில் ஏற்றினேன்.

நான்கு வருடம் கழித்து, இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒரு கணம் பார்த்தார். "தம்பி, இதுல யாரு வாசிச்சாலும் கை வலிக்கத்தான் செய்யும்" என்றார். நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு பட்டை) பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் ஆழப்படுத்தினார், பிரிட்ஜில் (முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) இருந்த சாடிலை, அதாவது கம்பிகள் படியும் மெல்லிய பட்டையை, கழற்றி அடிப்பக்கம் தேய்த்தார். முக்கால் மணி நேர வேலை. அன்று மாலையே எஃப் ஒலித்தது.

என் விரலில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அந்தக் கருவியை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவராமலே கடையில் விற்றிருந்தார்கள், அவ்வளவுதான். இப்படிக் கிட்டாரை விட்டுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கடைக்கு ஏன் இவ்வளவு பொறுப்பு?

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். அதைத் தாங்குவது ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகை. அந்தப் பலகையோ காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், ஈரம் குறைந்தால் சுருங்கும். மார்ட்டின், டெய்லர் போன்ற நிறுவனங்கள் தங்கள் கிட்டார்களை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கின்றன. சென்னைக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட மிக அதிகமாகவே ஈரம் இருக்கிறது. முன்பலகை உப்பினால் பிரிட்ஜ் மேலே எழும்புகிறது, நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளான ஃபிரெட்டை விட்டுக் கம்பி விலகுகிறது, அழுத்தக் கஷ்டமாகிறது. கம்பியும் துருப்பிடிக்கிறது. மதுரை, திருச்சிப் பக்கம் மார்ச், ஏப்ரல் மாதப் பகல்களில் கதை தலைகீழ். மரம் சுருங்கும், ஃபிரெட் உலோகம் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் ஃபிரெட் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

கடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் ஏசி போடுகிறார்கள், இரவில் அணைக்கிறார்கள். மரம் தினமும் ஒரு முறை காய்ந்து ஒரு முறை ஊறுகிறது. நிலையான ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தை அதிகம் வதைக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டார், குறிப்பாக விலை குறைந்தது, பெரும்பாலும் கம்பி கொஞ்சம் உயர்ந்த நிலையிலேயே வருகிறது. எந்த ஊருக்குப் போகும், யார் வாசிப்பார் என்று செய்பவருக்குத் தெரியாது. உயரத்தைக் குறைப்பது எளிது, கூட்டுவதுதான் கடினம். ஆகவே கடைசிக் கை கடையில்தான் படவேண்டும். செட்டப் என்று சொல்வது அதைத்தான். அதைச் செய்யாமல் விற்கும் கடை, தைத்த சட்டைக்குப் பொத்தான் வைக்காமல் கொடுக்கும் தையற்கடை மாதிரி.

"நம்ம ஊரு க்ளைமேட் அப்படி சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் கடையின் வேர் 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய வியாபாரத்தில் இருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் மேல்நாட்டு இசைக்கருவி விற்கும் தொழிலுக்கு இந்த ஊரில் அவ்வளவு வயசு. ஈரத்தைச் சமாளிக்க வழி உண்டு, மனம் வேண்டும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

டியூனர் செயலி உள்ள போன். எண்கள் புடைத்திராத, தட்டையான பழைய ஏடிஎம் கார்டு மூன்று. ஒரு விசிட்டிங் கார்டு. ஒரு தாள். இவ்வளவு போதும்.

ஏடிஎம் கார்டு எதற்கென்றால், உலகம் முழுக்க அதன் தடிமன் ஒன்றுதான், 0.76 மி.மீ. மூன்று சேர்த்தால் கிட்டத்தட்ட 2.3 மி.மீ. அக்கூஸ்டிக் கிட்டாரின் தடித்த கம்பி, தலைப்பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாமோ ஏறக்குறைய அதே அளவு. கடையில் ஸ்கேலை எடுத்து அளந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். கார்டை யாரும் கண்டுகொள்வதில்லை.

இடது கை நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். பெரிய பக்கிள் வைத்த பெல்ட் வேண்டாம். கிட்டாரின் முதுகில் கோடு விழுந்தால் அது உங்கள் பொறுப்பு. வார நாளில், கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது. சனிக்கிழமை மாலை போனால் ஒரே சமயத்தில் நாலு பேர் ஆம்ப்ளிஃபயரை அலறவிடுவார்கள், எதுவும் காதில் விழாது.

உள்ளே போனதும் ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்

நான் இதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா சுற்றி வாருங்கள்.

கம்பிகளுக்கு அடியில், பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே பாருங்கள். அங்கே தூசி படலமாக இருந்தால் அந்தக் கருவியைப் பல வாரமாக யாரும் துடைக்கவில்லை. மேல்பக்கத்தை எல்லோரும் துடைப்பார்கள், கம்பிக்கு அடியில் துணி விட்டுத் துடைப்பவர்தான் கிட்டாரை அறிந்தவர். கம்பி வெண்கல நிறத்தில் மின்னுகிறதா, கறுத்துப் பச்சை பூத்திருக்கிறதா? வருகிறவர்கள் எல்லாரும் வியர்வைக் கையோடுதான் வாசிக்கிறார்கள். மாலையில் ஒரு துணியால் துடைத்தால் கம்பி இன்னும் பல நாள் நிற்கும். ஒரு கம்பி அறுந்த கிட்டார் அப்படியே தொங்குகிறதா? ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஐந்தாறு என்றால் அந்தக் கடையில் பொறுப்பாளரே இல்லை என்று அர்த்தம்.

வெயில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். கண்ணாடி முகப்பை ஒட்டி அழகுக்காக வைக்கும் கிட்டார்தான் முதலில் கெடும். வெளிச்சுவரில், மழைநீர் இறங்கிய கறையை ஒட்டித் தொங்குவதும் அப்படியே. ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கிட்டார்கள் விழுந்து எழுந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு சின்ன ஈரப்பத மானி தொங்கினால் எனக்கு அந்தக் கடை மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும். அதில் எண் 50-க்குப் பக்கம் என்றால் மீதியும் வந்துவிடும்.

ஒரு மூலையில் வேலை மேஜை இருக்கிறதா? அரம், சின்ன ஸ்பேனர்கள், வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள். அந்தக் குப்பை நல்ல குப்பை.

ஆயுத பூஜை முடிந்த வாரங்களில் சில கடைகளில் கிட்டார் நெக்கிலேயே சந்தனமும் குங்குமமும் இருக்கும். பக்தியைக் குறை சொல்லவில்லை, நானும் என் கிட்டாருக்குப் பொட்டு வைக்கிறேன், ஆனால் பெட்டியின் மேல். ஃபிரெட் பதித்திருக்கும், பாலிஷ் போடாத ஃபிரெட்போர்டு மரத்தில் ஈரச் சந்தனம் காய்ந்தால் துளைக்குள் இறங்கிவிடும். நம் நீலகிரி, வயநாட்டுக் காடுகளில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்று நம் ஆட்கள் சொல்வது, உலகின் மிகச் சிறந்த கிட்டார்களின் முதுகிலும் பக்கங்களிலும் ஃபிரெட்போர்டிலும் இருக்கிறது. அந்த மரத்தை அதன் சொந்த மண்ணிலேயே கவனிக்காமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு வலிக்கும்.

கேட்டு வாங்குங்கள்

நீங்களே கொக்கியிலிருந்து எடுக்காதீர்கள். "அண்ணே, அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எடுத்துத் தருபவர் என்ன செய்கிறார் என்பதே ஒரு சோதனை. நெக்கைப் பிடித்து, அடியைத் தாங்கி, சுருதி சரிபார்த்துவிட்டுத் தருகிறாரா? அப்படியே நீட்டுகிறாரா? சுருதி சேர்க்காத கிட்டாரைக் கையில் கொடுப்பது, சமைத்ததை உப்புப் பார்க்காமல் இலையில் போடுவது போல.

சோதனைகள்

முதலில் நீங்களே டியூனரை வைத்துச் சுருதி சேருங்கள். இது முடியாமல் அடுத்த எதுவும் உண்மை சொல்லாது, ஏனென்றால் கம்பி தளர்ந்திருந்தால் நெக்கின் வளைவே மாறிவிடும். திருகும்போது கம்பி "டிக், டிக்" என்று தாவித் தாவி ஏறினால் நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது. சின்னக் குறைதான், பள்ளத்தில் பென்சில் தூள் தடவினாலே பாதி சரியாகும்.

அடுத்து கம்பி உயரம். ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பிக்கும் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் உச்சிக்கும் நடுவே மூன்று கார்டையும் சேர்த்து நுழையுங்கள். கம்பியைத் தூக்காமல் இதமாக நுழைந்தால் நல்லது. மூன்றும் போய் இன்னும் தாராளமாக இடம் இருந்தால் உயரம் அதிகம். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு கார்டு கணக்கு. எலெக்ட்ரிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கே இரண்டு கார்டு போதும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு இந்த அளவு பொருந்தாது, அதில் 4 மி.மீ. வரை இருப்பதுதான் முறை. அதோடு ஒன்று, நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டி வைத்திருக்கும் கடையைப் பார்த்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அந்த இழுவையைத் தாங்க அந்தப் பலகை செய்யப்படவில்லை.

இனி நட். புதிதாகக் கற்பவரின் விரலை வதைப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் இதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது முதல் ஃபிரெட்டுக்கு மேல் அந்தக் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? தலைமுடி அளவு இடைவெளி போதும். விரலால் தட்டினால் "டிங்" என்று ஃபிரெட்டைத் தொட வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சந்து இருந்தால், எஃப் கார்டு உங்களை அழவைக்கும். என் பழைய கிட்டாரில் இருந்த நோய் இதுதான். ஆறு கம்பியிலும் பாருங்கள்.

நெக்கின் வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லி, ஏழாம் ஃபிரெட்டில் விசிட்டிங் கார்டை நுழையுங்கள். உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. சந்தே இல்லையென்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது, கம்பி இரையும். சந்து பெரிதானால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டுமே நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைக்காரரைச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் திருகவேண்டாம்.

பிறகு பொறுமையான வேலை. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி, ஒரு தடவை மீட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். எங்காவது இரைகிறதா, எங்காவது சுரம் செத்துப்போய் "தொப்" என்று விழுகிறதா? ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அங்கே ஒரு ஃபிரெட் மேலே கிளம்பியிருக்கிறது. எல்லா இடத்திலும் இரைந்தால் கம்பி உயரமோ நெக்கோ சரியில்லை. கையை நெக்கின் ஓரம் வழியாக மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃபிரெட் முனை கீறினால் மரம் காய்ந்திருக்கிறது, அல்லது முனையைச் சரியாகத் தேய்க்கவில்லை.

சுருதி சுத்தம் அடுத்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். டியூனரில் இரண்டும் ஒரே சுரத்தில், ஐந்து சென்ட் (ஒரு ஃபிரெட் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியிலும் இந்தக் கணக்கு தவறும். அதனால் தவறினால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். புதுக் கம்பி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டத் தயங்கும் கடையில் வாங்கவும் தயங்குங்கள்.

பிரிட்ஜின் பின்பக்க ஓரத்தில் தாளின் முனையை நுழைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. வெயிலில், பூட்டிய காரில் கிடந்த கிட்டார்களுக்கு இப்படித்தான் ஆகும். முன்பலகை லேசாக மேடாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், கொஞ்சம் மேடு இயல்புதான்.

போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பிரிட்ஜுக்குக் கீழேயும், ஃபிரெட்போர்டின் இரு பக்கத்திலும் விரிசல் தேடுங்கள். கிட்டாரின் தலையும் நெக்கும் சேரும் இடத்தின் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். கருவி விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். ஒட்டி பாலிஷ் போட்டாலும் மெல்லிய கோடு தெரியும், நகத்துக்குத் தட்டுப்படும்.

பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி அனுப்பும் கருவி, உள்ள கிட்டார் என்றால் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஒவ்வொரு திருகையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு தூசிதான், சரிசெய்யலாம். பேட்டரிக் கதவையும் திறந்து பாருங்கள். ஒயரைச் சொருகிய நிலையிலேயே விட்டால் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டேயிருக்கும். தீர்ந்த பேட்டரியை மாதக்கணக்கில் மறந்தால் அது கசிந்து உள்ளே அரிக்கும்.

எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது

கம்பி உயரம், நட், நெக்கின் சிறு வளைவு, பழைய கம்பி, தூசி, கரகரப்பு, நீட்டிய ஃபிரெட் முனை, இவை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. கிட்டார் நல்லது, கடைதான் கவனிக்கவில்லை. செய்து தரச் சொல்லி, செய்த பிறகு மறுபடி வாசித்துப் பார்த்து வாங்கலாம்.

விடவேண்டியவை நாலு. முறுக்கிய நெக், அதாவது தலைப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு ஓரம் மேலும் மறு ஓரம் கீழுமாகத் திருகி நிற்பது. தூக்கிக்கொண்ட பிரிட்ஜ். மரம் வரை இறங்கிய விரிசல். நாலாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கம்பி உயரமாக இருக்கிறது, ஆனால் சாடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கிறது என்றால் குறைக்க இடமே இல்லை. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைக்கச் சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்க்கச் சாடிலே இல்லாவிட்டால் நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்ற வேண்டியிருக்கும், விலை குறைந்த கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டாது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

சண்டை போடுவது போல் வேண்டாம். "செட்டப் பண்ணித் தருவீங்களா? யார் பண்ணுவாங்க?" என்று ஆரம்பியுங்கள். "நம்ம பையன் ஒருத்தர் இருக்கார், நாளைக்கு வாங்க, உங்க எதிர்லயே பண்ணித் தர்றோம்" என்றால் தங்கமான பதில். "கம்பெனியிலேயே எல்லாம் பண்ணித்தான் சார் வரும்" என்றால், மேலே சொன்ன கார்டு கணக்கைக் காட்டிப் பேசுங்கள். "கொஞ்ச நாள் வாசிச்சா கை பழகிடும்" என்ற பதிலுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கை பழகுவது தோல் தடிப்பது வரைதான். உயர்ந்த கம்பிக்குக் கை பழகாது, வலிக்கும்.

இரவில் ஏசி இல்லாதபோது விலை உயர்ந்தவற்றை எங்கே வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பையோடு என்று சொல்லும் கடைகள் உண்டு.

தொங்கவிட்டதையா, பெட்டி பிரிக்காததையா வாங்குவது என்பது எப்போதும் வரும் கேள்வி. என் வழி, இரண்டையும் வாசித்துப் பார்ப்பது. ஒரே மாடலில் இரண்டு கிட்டார் ஒரே மாதிரி இருப்பதில்லை. நன்றாகப் பேணிய கடையில் தொங்கவிட்டதே மேல், அதன் மரம் ஊர்க்காற்றுக்குப் பழகிவிட்டது, குறை இருந்தால் வெளியே தெரிந்திருக்கும். விலையும் குறைத்துக் கேட்கலாம். பேணாத கடையில் பெட்டி பிரிக்காததைக் கேளுங்கள், ஆனால் உங்கள் எதிரில் பிரித்து, இதே சோதனைகள் அனைத்தையும் செய்து.

சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் நாலே கிட்டார், ஏசி இல்லை, மேஜை இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். வீணை, தபலா, ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கை உள்ள கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நட்டின் பள்ளத்தை அரத்தால் தேய்க்க அந்தக் கை போதும். நகரத்தின் கண்ணாடிக் கடையைவிட அங்கே நல்ல கிட்டார் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இணையத்தில் வாங்கினாலும் முதல் நாளே கார்டு, தாள், டார்ச் மூன்றையும் எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு தெரியும் விரிசலுக்குக் கேட்க ஆளில்லை.

வாங்கிய அன்று, மூன்று கார்டு எப்படி நுழைந்தது என்பதைப் போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்று வாரம் ஆனதும் மறுபடி நுழைத்துப் பாருங்கள். நாலாவது கார்டுக்கும் இடம் வந்திருந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் அவர்கள் சுவர் எப்படி இருக்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு பையைத் திறங்கள்.